போர் தேங்கிவிட்டது என்று தளபதியே சொல்லலாமா?

நத்தம் சாலை
5 நவம்பர் 2023, இரவு 9.15

நான்கு நாட்களாக ஒரே விஷயம் மனதைப் போட்டு உலுக்குகிறது. உக்ரைன் படைகளின் தலைமைத் தளபதி வலேரி ஜலுஷ்னி, லண்டனிலிருந்து வெளிவரும் தி எகனாமிஸ்ட் இதழுக்குப் பேட்டி கொடுத்து, கூடவே நீண்ட கட்டுரை ஒன்றும் எழுதியிருக்கிறார். நவம்பர் 1 அன்று வெளியானது. போட்டித் தேர்வுக்குப் படிக்கக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனவன், பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இதையே இரண்டு முறை படித்தேன்.

அவர் சொல்வது இதுதான். முதல் உலகப் போரில் நடந்ததைப் போல இரு தரப்பும் தொழில்நுட்பத்தில் சமமாகி நின்றுவிட்டன. எதிரி செய்வதெல்லாம் நமக்குத் தெரிகிறது, நாம் செய்வதெல்லாம் எதிரிக்குத் தெரிகிறது. வெடிமருந்தைக் கண்டுபிடித்தது போலப் புதிதாக ஏதாவது வந்தால் ஒழிய இது உடையாது. பெரிய உடைப்பு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஜூனில் தொடங்கிய எதிர்த்தாக்குதல் ஐந்து மாதத்தில் நகர்ந்தது 17 கிலோமீட்டர். நேட்டோ பாடப் புத்தகக் கணக்கின்படி, நான்கு மாதத்தில் கிரிமியாவுக்குள் புகுந்து சண்டையிட்டுத் திரும்பியே வந்திருக்கலாமாம்.

நகராததற்குக் காரணம் தேடி அவர் போன வழியையும் மறைக்கவில்லை. முதலில் படைத்தலைவர்கள் சரியில்லையோ என்று சிலரை மாற்றினார். பிறகு வீரர்கள் பொருந்தவில்லையோ என்று சில படைப்பிரிவுகளில் ஆட்களை இடம் மாற்றினார். அதுவும் பலிக்காத பிறகு, அரண்களை உடைப்பது பற்றி ஒரு சோவியத் தளபதி 1941 இல் எழுதிய பழைய நூலைத் தேடி எடுத்தார். பாதி படிக்கும்போதே விளங்கிவிட்டதாம், அன்று படைகள் நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறோம் என்று. ரஷ்யத் தரப்பில் குறைந்தது 1,50,000 பேர் இறந்துவிட்டார்கள் என்பது அவர் கணக்கு. இத்தனை உயிர் போனால் எந்த நாடும் போரை நிறுத்திவிடும் என்று நம்பினேன், அது என் பிழை என்கிறார்.

பதவியில் இருக்கும் ஒரு தளபதி, போர் நடந்துகொண்டிருக்கும்போதே ‘என் பிழை’ என்று சொல்லி நான் படித்தது இதுவே முதல் முறை.

நேற்று அதிபர் ஜெலென்ஸ்கி, மக்கள் களைத்திருக்கிறார்கள், ஆனால் இது தேக்க நிலை அல்ல என்றார். அதற்கு முன்பே ரஷ்ய அதிபர் மாளிகையும் தேக்கம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஒருவரை ஒருவர் அழிக்க நிற்கும் இரண்டு அரசுகளும் இந்த ஒரு சொல்லை மறுப்பதில் மட்டும் ஒன்றாக நிற்கின்றன.

என் தம்பி ராணுவத்தில் வடக்கு எல்லையில் இருக்கிறான். தீபாவளிக்கு விடுப்பு இல்லை. அவனை வைத்துப் போடப்படும் கணக்கு தப்பாகப் போனால், அதைச் சொல்லும் மனிதர் ஒருவர் மேலே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உசிலம்பட்டி ஹவில்தார்
6 நவம்பர் 2023, காலை 6.40

தம்பி, மகள் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள், முழுவதும் படித்தேன். உங்கள் தம்பி நலமாக இருக்கட்டும்.

நான் பட்டாளத்தில் இருந்தவன். தளபதி உள்ளே சொல்ல வேண்டியதை வெளியே சொல்லிவிட்டார் என்பது என் கருத்து. அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. சொன்ன இடம் தப்பு.

1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் படை போக வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, இப்போது முடியாது என்று ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா நேருக்கு நேர் சொன்னார். மழைக்காலம் வரப்போகிறது, ஆறுகள் கடல்போல ஆகிவிடும், இமயத்துக் கணவாய்களில் பனி விழும்வரை சீனாவை நினைத்துப் பயப்பட வேண்டும், எனக்கு அவகாசம் வேண்டும் என்றார். அம்மையார் கேட்டுக்கொண்டார். டிசம்பர் 3 இல் தொடங்கிய போர் 16 இல் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். அந்தப் பேச்சு நடந்தது அறைக்குள். அதே ஏப்ரலில் அவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கூப்பிட்டு என் படை தயாராக இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். ‘உடைப்பு எதுவும் வராது’ என்று தளபதியே சொன்ன மறுநாள் விடியற்காலையில், அகழிக்குள் ஈரக் காலோடு கிடக்கும் பையனை அவனுடைய சுபேதார் எழுப்ப வேண்டும். எழுந்திரு, முன்னால் போ என்று சொல்ல வேண்டும். எதைச் சொல்லி எழுப்புவார்?

கீழமாசி வீதி மொத்தக் கடை
6 நவம்பர் 2023, மதியம் 2.10

எனக்கு ராணுவம் தெரியாது. சரக்கு தெரியும். 2022 மார்ச்சில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிய வேகத்தைக் கல்லாவில் இருந்து பார்த்தவன். நம் நாட்டுக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. டின் வாங்க வந்தவர்கள் பாக்கெட் வாங்கிப் போனார்கள், பாக்கெட் வாங்க வந்தவர்கள் பாமாயிலுக்குப் போனார்கள். பிறகு கருங்கடல் வழியாகத் தானியக் கப்பல்கள் போக ஒப்பந்தம் வந்தது, இந்த ஜூலை 17 இல் ரஷ்யா அதிலிருந்து விலகிக்கொண்டது.

அந்தத் தளபதியின் பேச்சில் எனக்குக் கேட்டது ஒன்றுதான். இது இப்போதைக்கு முடியாது. தெரிந்த கெடுதலுக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். இந்த மாதம் முடியும், அடுத்த மாதம் முடியும் என்று சொல்லிக்கொண்டே போனால் கொள்முதல் செய்கிறவன் தொலைந்தான். சொன்னவருக்கு என் நன்றி.

பழங்காநத்தம் தோழர்
6 நவம்பர் 2023, இரவு 8.30

எல்லோரும் அவரை உண்மை விளம்பியாக ஆக்குகிறீர்கள். அந்தக் கட்டுரையின் பின்பகுதியைப் பாருங்கள். வான்பலம் வேண்டும், மின்னணுப் போர்க்கருவி வேண்டும், எதிரியின் பீரங்கியைக் கண்டுபிடித்து அடிக்கும் வசதி வேண்டும், கண்ணிவெடி அகற்றும் கருவி வேண்டும், புதிய ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். இது ஆயுதம் கேட்டு எழுதிய விண்ணப்பம். மேற்கு நாடுகள் படிக்கும் இதழில், மேற்கு நாடுகளின் மொழியில் எழுதியதற்கு வேறு காரணம் உண்டா? போரை நிறுத்துங்கள் என்று அதில் ஒரு வரி இருக்கிறதா?

நான் மில் தொழிலாளியாக இருந்தவன். 1971 ஆகஸ்டில் சோவியத் நாட்டோடு நாம் உடன்படிக்கை செய்த நாளில் எங்கள் வீட்டில் என் தந்தையார் முகத்தில் இருந்த மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது. கூடங்குளத்து அணு உலைகளுக்கு முதலில் ஒப்பந்தம் போட்டதும் அவர்களோடுதான். அந்த உறவை மறந்துவிட்டுப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நத்தம் சாலை
6 நவம்பர் 2023, இரவு 10.05

தோழர், ஆயுதம் கேட்கிறார் என்பது சரி. அதை நான் எழுதாமல் விட்டது என் தவறு. ஆனால் ஆயுதம் கேட்கிறவர் வழக்கமாக ‘இன்னும் கொஞ்சம் கொடுங்கள், வெற்றி பக்கத்தில் இருக்கிறது’ என்றுதான் கேட்பார். இவர் வெற்றி பக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்கிறார். சோவியத் உறவைப் பற்றிச் சொன்னீர்கள். ஜலுஷ்னியும் 1973 இல் சோவியத் உக்ரைனில் பிறந்தவர்தான். உங்கள் தந்தையார் மகிழ்ந்த அந்த நாட்டின் பிள்ளைகளே இன்று இரண்டு பக்கமும் நின்று செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு வருத்தம். நம் தமிழ்ச் செய்தித் தளங்களில் சில இந்தப் பேட்டிக்குத் ‘தோல்வியை ஒப்புக்கொண்டார்’ என்று தலைப்புப் போட்டன. தேக்கம் வேறு, தோல்வி வேறு. வைகை அணையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் ஆறு செத்துவிட்டது என்றா பொருள்? ஒரு சொல்லை மாற்றி ஒரு மனிதரின் ஐந்து மாதச் சிந்தனையைக் கெடுத்துவிட்டார்கள். இந்தத் தலைப்பை மட்டும் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள்தான் இங்கே அதிகம் இருப்பார்கள்.

திருமங்கலம் அம்மா
7 நவம்பர் 2023, காலை 11.20

நான் பொதுவாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதத் தோன்றுகிறது.

என் மகன் உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தான். 2022 பிப்ரவரி 24 அன்று காலை அவன் போன் செய்தபோது பின்னால் கேட்ட சத்தத்தைப் பட்டாசு என்று நினைத்தேன். ஆறு நாள் நிலவறையில் இருந்தான். மார்ச் 1 அன்று, சாமான் வாங்க வெளியே போன கர்நாடகத்து மாணவர் ஒருவர் குண்டு விழுந்து இறந்தார். மறுநாள் நம் தூதரகம், எப்படியாவது மாலைக்குள் கார்கிவை விட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது பிசோசின் போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்தது. என் பிள்ளை நடந்தான். அன்று மாலை மீனாட்சியம்மன் கோயிலில் நான் எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று எனக்கே தெரியாது.

அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரே மகன். நிலவறையில் இருந்த நாட்களில் என் மகனுக்கு ரொட்டியும் ஊறுகாயும் கொடுத்து, தன் கம்பளியைப் போர்த்தியவர் அவர். அவருடைய மகன் அந்த வருடமே படையில் சேர்ந்தான். என் மகனும் அவரும் இன்றும் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். இந்தப் பேட்டி வந்த அன்று என் மகன் அவரிடம் கேட்டான். அவர் அனுப்பிய பதிலை அவன் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘இதைத்தான் என் பையன் ஒரு வருடமாகப் போனில் சொல்கிறான். நான் நம்பவில்லை. அவன் பயந்து பேசுகிறான் என்று நினைத்து, தைரியமாக இரு என்று திட்டினேன். இப்போது தளபதி சொல்கிறார். என் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.’

ஹவில்தார் ஐயா, அந்தச் சுபேதார் எதைச் சொல்லி எழுப்புவார் என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒரு தாய் தன் மகனைக் கோழை என்று நினைத்துக்கொண்டே இருந்திருந்தால், அதற்குள் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்தப் பாரத்தை யார் இறக்குவார்கள்?

அவனியாபுரம் இளைஞன்
7 நவம்பர் 2023, மதியம் 1.00

மதுரையில் உட்கார்ந்துகொண்டு உக்ரைன் தளபதி சரியா தப்பா என்று பேசி என்ன ஆகப்போகிறது? நம் ஊரில் பேச வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

திருமங்கலம் அம்மா
7 நவம்பர் 2023, மதியம் 1.25

தம்பி, அந்தப் போருக்கு என் மகனும் நம் ஊரும் எதுவும் செய்யவில்லை. அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. பெரும்பாலும் மாணவர்களான பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானம் வைத்துக் கூட்டி வந்தார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர். அவர்களின் வீடுகளில் எல்லாம் இது நம் ஊர்ப் பேச்சுத்தான்.

செக்கானூரணி வரலாற்று ஆசிரியர்
8 நவம்பர் 2023, இரவு 9.50

ஹவில்தார் அண்ணன் மானெக்‌ஷாவைச் சொன்னார். நான் இதற்கு எதிரான ஒருவரைச் சொல்கிறேன்.

வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட். 1967 நவம்பர் 21 இல் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன் நின்று, முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்றார். மக்கள் நம்பினார்கள். எழுபது நாள் ஆனது. 1968 ஜனவரி இறுதியில் வியட்நாமியப் புத்தாண்டு நாளில் தென் வியட்நாமின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களிலும் ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தாக்குதல் நடந்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். ராணுவக் கணக்கில் தாக்கியவர்களுக்குத்தான் இழப்பு அதிகம், பிடித்த இடங்களையும் விட்டுப் போனார்கள். ஆனால் அமெரிக்க வீடுகளில் உடைந்தது வேறு. ‘முடியப்போகிறது என்றாரே’ என்ற கேள்வி வந்துவிட்டது. பிப்ரவரி 27 அன்று, அந்த நாட்டு மக்கள் அதிகம் நம்பிய செய்தியாளர் வால்டர் கிரான்கைட், நாம் தேக்கத்தில் சிக்கியிருக்கிறோம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்.

ஜலுஷ்னி சொன்ன அதே சொல். அங்கே அதைத் தளபதி சொல்லவில்லை, செய்தி வாசிக்கிறவர் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் அந்தப் போர் ஏழு ஆண்டு நடந்தது. மானெக்‌ஷா அறைக்குள் சொன்னார், சரி. கேட்கும் காது அறைக்குள் இருந்தது. அறைக்குள் சொல்லியும் பலன் இல்லாத தளபதி என்ன செய்ய வேண்டும், அண்ணே? ஜலுஷ்னி உள்ளே எத்தனை முறை சொன்னார் என்று நமக்குத் தெரியாது அல்லவா?

உசிலம்பட்டி ஹவில்தார்
9 நவம்பர் 2023, காலை 5.30

இரவு தூங்கவில்லை. ஆசிரியர் கேட்ட கேள்விக்காக மட்டும் அல்ல, அந்தத் திருமங்கலத்துச் சகோதரி எழுதியதற்காகவும்.

இதுவரை இங்கே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1987 இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவன் நான். யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியபோது வயது இருபத்திரண்டு. அமைதியைக் காக்கப் போகிறோம் என்றார்கள். அக்டோபரில் சண்டை தொடங்கியதும், சில வாரங்களில் முடிந்துவிடும் என்றார்கள். சொன்னவர் யார் என்பது இப்போது வேண்டாம். நாங்கள் நம்பினோம். வீட்டுக்குப் பொங்கலுக்குள் வந்துவிடுவேன் என்று கடிதம் எழுதினேன். அமைதிப்படை முழுவதும் திரும்பியது 1990 மார்ச்சில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் திரும்பவில்லை. அவர்களில் இரண்டு பேர் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

ஜலுஷ்னி கண்ணிவெடியைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது கை நடுங்கியது. வரைபடத்தில் விரலால் அளந்தால் ஒன்றும் இல்லாத தூரம். நிலத்தில் கால் வைக்கும்போது ஒவ்வோர் அடியும் ஓர் ஆயுசு. அங்கே சாலையே வெடிக்கும். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனின் கால் தடத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டான். பதினேழு கிலோமீட்டர்தானா என்று கேட்கிறவர்கள் பதினேழு அடி நடந்து பார்க்கட்டும்.

அப்போது எங்கள் தளபதிகளில் ஒருவர் வெளியே வந்து, இது சில வாரத்தில் முடியாது, நாங்கள் போட்ட கணக்கு தப்பு என்று சொல்லியிருந்தால், நான் என்ன நினைத்திருப்பேன்? நேற்று வரை ‘துரோகம் என்று நினைத்திருப்பேன்’ என்று சொல்லியிருப்பேன். நேற்று இரவு யோசித்தபோது, அந்த இரண்டு பேரின் முகம்தான் வந்தது. ஒருவன் இறந்தது சண்டை தொடங்கி ஏழாவது மாதம். சில வாரம் என்று சொன்னவர்களின் கணக்கில் அவன் அப்போது ஊரில் இருந்திருக்க வேண்டும்.

தளபதி வெளியே பேசியது சரி என்று இப்போதும் என் வாயால் சொல்ல முடியவில்லை. தப்பு என்று முன்பு சொன்னது போலவும் சொல்ல முடியவில்லை.

ஆனையூர் முகாம்
9 நவம்பர் 2023, இரவு 11.45

ஹவில்தார் ஐயா எழுதியதைக் காலையில் படித்தேன். வேலை முடிந்து வந்து இப்போது எழுதுகிறேன்.

நான் ஆனையூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறேன். பெயிண்டிங் வேலை. எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். 1987 அக்டோபரில் எனக்குப் பதினொரு வயது. 1990 இல் படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து இங்கே வந்தோம். என் அப்பா வரவில்லை. எப்படி என்று இந்த இடத்தில் எழுத மாட்டேன்.

சொல்ல வந்தது வேறு. எங்களுக்குப் போர் என்றால் வானொலி. ஒரு தரப்பின் வானொலி ஒரு வெற்றியைச் சொல்லும், அடுத்த தரப்பின் வானொலி அதே இடத்தில் தன் வெற்றியைச் சொல்லும். இரண்டையும் கேட்டுவிட்டு நடுவில் எங்காவது உண்மை இருக்கும் என்று ஊகித்து, ஓடுவதா இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டியது எங்கள் அம்மாவின் வேலை. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி விழுந்த பிறகும், வன்னியில் இருந்த எங்கள் சித்தி குடும்பம் போர் திரும்பிவிடும் என்று நம்பி இன்னும் கிழக்கே நகர்ந்தது. யாராவது ஒருவர், எந்தத் தரப்பின் தளபதியாக இருந்தாலும், இதற்கு மேல் இது நடக்காது என்று சனங்களிடம் சொல்லியிருந்தால், அவர்கள் எந்தத் திசையில் நடப்பது என்று தாங்களே முடிவு செய்திருப்பார்கள். ஆறு பேர் போனார்கள். ஒருவர் வந்தார்.

தளபதி சொல்லலாமா என்று நீங்கள் எல்லோரும் சிப்பாயின் பக்கமிருந்து கேட்கிறீர்கள். சண்டை நடக்கும் ஊரில் வீடு வைத்திருக்கிறவனின் பக்கமிருந்தும் கேட்டுப் பாருங்கள்.

பழங்காநத்தம் தோழர்
10 நவம்பர் 2023, காலை 7.15

ஆனையூர்த் தம்பி எழுதியதற்குப் பிறகு என் முந்தைய பதிவைத் திரும்பப் படித்தேன். விண்ணப்பம் என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் உக்ரைனில் வீடு வைத்திருக்கிறவர்களை நான் அதில் ஓர் இடத்திலும் நினைக்கவில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

புள்ளியியல் விரிவுரையாளர்
20 டிசம்பர் 2023, மாலை 6.30

தெற்கே தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளத்தில் தவிக்கும்போது இந்த இழையை மேலே கொண்டுவருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்லூரியில் இருந்து நிவாரணப் பொருட்கள் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் உக்ரைன் மக்கள் என்ன நினைப்பார்கள் என்று ஊகித்தீர்கள். கீவ் பன்னாட்டுச் சமூகவியல் நிறுவனம் இப்போது கேட்டுச் சொல்லியிருக்கிறது. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் போன் வழியாக ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டிருக்கிறார்கள். ஜலுஷ்னியை நம்புகிறோம் என்றவர்கள் நூற்றுக்கு 88. அதிபரை நம்புகிறோம் என்றவர்கள் 62. ஓராண்டுக்கு முன் அதிபருக்கு 84 இருந்தது. தளபதியைப் பதவியிலிருந்து எடுத்தால் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு, தவறாகத்தான் எடுத்துக்கொள்வோம் என்றவர்கள் 72.

இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சமாதானத்துக்காக நிலத்தை விட்டுக்கொடுக்கலாமா என்றதற்கு, எந்த நிலையிலும் கூடாது என்றவர்கள் 74, விட்டுக்கொடுக்கலாம் என்றவர்கள் 19. மே மாதத்தில் இது 84 ஆகவும் 10 ஆகவும் இருந்தது.

என் வகுப்பில் இந்த எண்களைப் பலகையில் எழுதியபோது ஒரு மாணவி எழுந்து, ‘போர் நகராது என்று சொன்னவரை 88 பேர் நம்புகிறார்கள், நிலம் தர மாட்டோம் என்று 74 பேர் சொல்கிறார்கள், இரண்டும் எப்படி மேடம் ஒரே ஊரில் இருக்கும்?’ என்றாள். பாதி வகுப்பு நேரம் அதிலேயே போனது. என் வகுப்பில் நடந்த நல்ல விவாதங்களில் ஒன்று அது. கெட்ட செய்தி சொன்னால் மக்கள் மனம் உடைந்துவிடும் என்பது மேலே இருப்பவர்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கும் கருத்து. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் கருத்து நிற்கவில்லை. அந்த மக்கள் கெட்ட செய்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, சொன்னவரையும் நம்பிக்கொண்டு, தங்கள் நிலையில் பெரும்பாலும் நிற்கிறார்கள். சிலர் நகர்ந்திருக்கிறார்கள், அதுவும் தெரிகிறது.

ஆனால் கவனம். அவர் மீதான நம்பிக்கை கட்டுரைக்கு முன்பே உயரத்தில்தான் இருந்தது, ஆகவே உண்மை சொன்னதால் நம்பினார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ரஷ்யா பிடித்து வைத்திருக்கும் பகுதிகளில் இருப்பவர்களையும் வெளிநாடு போய்விட்டவர்களையும் கேட்கவில்லை. குண்டு விழும் ஊரில் முன்பின் தெரியாத எண்ணில் இருந்து வரும் போனில் ஒருவர் எவ்வளவு மனம் திறந்து பேசுவார் என்பதும் இருக்கிறது. ஆனையூர்க்காரர் சொன்ன சித்தியிடம் 2009 இல் யாராவது போன் போட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஆனையூர் முகாம்
20 டிசம்பர் 2023, இரவு 10.20

‘எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்றுதான் சொல்லியிருப்பார், மேடம். கேட்கிறவர் யார் என்று தெரியாமல் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கீழமாசி வீதி மொத்தக் கடை
21 டிசம்பர் 2023, காலை 10.00

62 என்பது நம் ஊர்க் கணக்கில் பெரிய எண்தான். ஆனால் 84 இல் இருந்து வந்தது என்பதைப் பார்க்கும்போது, இரண்டு பேரும் ஒரே அறையில் நீண்ட நாள் இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

நத்தம் சாலை
10 பிப்ரவரி 2024, இரவு 8.00

கடைக்கார அண்ணன் சொன்னது நடந்துவிட்டது. பிப்ரவரி 8 அன்று ஜலுஷ்னியை மாற்றிவிட்டார்கள். ஒலெக்சாந்தர் சிர்ஸ்கி புதிய தலைமைத் தளபதி. ரஷ்ய மண்ணில் பிறந்து உக்ரைன் படையில் வளர்ந்தவர். ஜலுஷ்னிக்கு உக்ரைன் வீரர் என்ற உயரிய பட்டம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பதவியை எடுத்துக்கொண்டு பதக்கம் கொடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. நவம்பரில் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றும் இருந்திருப்பாரா? அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து வரும் தளபதிகள் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

தம்பி பொங்கலுக்கு வந்திருந்தான். பாலமேடு ஜல்லிக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். வரும் வழியில் பஸ்ஸில் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தவன், ‘எங்கள் சுபேதாரிடம் கேட்டால் உண்மையைச் சொல்வார், அது போதும் அண்ணா’ என்றான்.

செக்கானூரணி வரலாற்று ஆசிரியர்
10 பிப்ரவரி 2024, இரவு 9.30

ஆட்சிக்குப் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுத்த அதிபரிடம் இருக்கிறது. தளபதியை மாற்றும் உரிமையும் அவருக்குத்தான். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. படைத்தலைவர்களை மாற்ற முடியாமல் போன பக்கத்து நாடுகளின் கதை நமக்குத் தெரியும். உரிமை இருந்ததா என்பதோடு, எந்தப் பேச்சுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தினார் என்பதும் வரலாற்றில் எழுதப்படும்.

திருமங்கலம் அம்மா
18 பிப்ரவரி 2024, மதியம் 12.40

கிழக்கு உக்ரைனில் உள்ள அவ்தீவ்கா நகரை விட்டு உக்ரைன் படைகள் பின்வாங்கிவிட்டன என்று நேற்றுச் செய்தியில் பார்த்தேன். உடனே மகனிடம், அந்த அம்மாவிடம் கேள் என்றேன். அவர் பையன் அந்தப் பக்கம் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறான், இரண்டு நாளைக்கு முன் பேசினான் என்று பதில் வந்தது. தளபதி மாற்றத்தைப் பற்றி அவர் எழுதியது ஒரே வரி. ‘புதியவர் என் பையனைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.’

உசிலம்பட்டி ஹவில்தார்
18 பிப்ரவரி 2024, இரவு 7.50

மூன்று மாதமாக இங்கே எழுதவில்லை. படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனையூர்த் தம்பிக்கு. நீங்கள் உரும்பிராய் என்று எழுதினீர்கள். 1987 அக்டோபரில் நான் அந்த ஊர் வழியாக வந்தவன். அன்று அங்கே இருந்த சிறுவன் ஒருவன் இன்று எனக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறான் என்பது நவம்பரில் இருந்து என்னை விடவில்லை. எந்த உத்தரவு யார் கொடுத்தார்கள், எங்களுக்கு என்ன சொல்லப்பட்டது, நான் கண்ணால் பார்த்தது என்ன என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்ல விரும்புகிறேன். இங்கே எழுத முடியாது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மிலிட்டரி கேண்டீன் வேலையாக மதுரை வருகிறேனோ இல்லையோ, உங்களுக்காக வருகிறேன். வர வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், தவறாக நினைக்க மாட்டேன்.

ஆனையூர் முகாம்
20 பிப்ரவரி 2024, இரவு 11.10

அண்ணா என்று அழைக்கிறேன். இரண்டு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் அம்மா. அவருக்கு எண்பது வயது ஆகப்போகிறது. அவரிடம் கேட்காமல் நான் முடிவு செய்ய முடியாது. உங்கள் பதிவை நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். உரும்பிராய் என்ற பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசி என்றார்.

வரச் சொல்லு என்றார். பிறகு அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

காலை பத்து மணிக்கு ஆனையூர் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். நீலச் சட்டை போட்டிருப்பேன்.